மெட்டும் ஸ்ட்ரம்மும் ஒரே கையில்: அக்கூஸ்டிக் கிட்டாரில் நான்கு பார் ரிஃப் ஒன்றை வாசிக்கும் முறை

சி, எஃப், ஜி கார்டுகளைப் பிடித்து ஸ்ட்ரம் செய்யத் தெரியும், ஒரு பாட்டின் மெட்டைத் தனித்தனித் தந்திகளில் தேடி வாசிக்கவும் தெரியும், ஆனால் இரண்டையும் ஒன்றாக வாசிக்க முயன்றால் கை தடுமாறுகிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. இந்த நிலையில் தடுமாறும் பலரைப் பார்த்திருக்கிறேன். ஏறத்தாழ எல்லோரும் ஸ்ட்ரம்மை முதலில் ஓட விட்டு, அதன் நடுவே மெட்டைச் செருகப் பார்க்கிறார்கள். மெட்டை முதலில் நிலைநிறுத்திவிட்டு, அதன் இடைவெளிகளை ஸ்ட்ரம்மால் நிரப்புவதே சரியான வரிசை. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன.

அமெரிக்க நாட்டுப்புற இசையில் கிட்டார் கலைஞர் மேபெல் கார்ட்டர் பெயரால் கார்ட்டர் பாணி என்று வழங்கும் முறை இது. அவர் கட்டைவிரலால் தடித்த தந்திகளில் மெட்டை வாசித்து, மற்ற விரலால் மெல்லிய தந்திகளை வருடினார். நாம் இங்கே பிக் (தந்தியை மீட்டும் சிறு பிளாஸ்டிக் தகடு) கொண்டு அதையே செய்யப் போகிறோம்.

1. வாசிக்கப் போகும் ரிஃப்

ரிஃப் என்பது திரும்பத் திரும்ப வாசிக்கும் சிறு இசைத்துண்டு. இதில் நான்கு பார்கள் (தாளச் சுற்றுகள்), ஒவ்வொரு பாரிலும் நான்கு பீட். மிக மெல்லிய தந்தி 1, மிகத் தடித்த தந்தி 6 என்று எண்ணுகிறோம். சி ஸ்வரத்தை ச என்று கொண்டால், இதில் வருபவை எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களே. அடைப்புக்குறிக்குள் அவற்றைக் கொடுத்திருக்கிறேன்.

பார் 1, சி கார்டு:
பீட் 1: தந்தி 5, ஃபிரெட் 3 (ச)
பீட் 2: ஸ்ட்ரம், தந்திகள் 3, 2, 1
பீட் 3: தந்தி 4, ஃபிரெட் 2 (க)
பீட் 4: ஸ்ட்ரம், தந்திகள் 3, 2, 1

பார் 2, எஃப் கார்டு:
பீட் 1: தந்தி 4, ஃபிரெட் 3 (ம)
பீட் 2: ஸ்ட்ரம், தந்திகள் 3, 2, 1
பீட் 3: தந்தி 3, ஃபிரெட் 2 (த)
பீட் 4: ஸ்ட்ரம், தந்திகள் 2, 1 மட்டும்

பார் 3, சி கார்டு:
பீட் 1: தந்தி 3, திறந்த நிலை (ப)
பீட் 2: ஸ்ட்ரம், தந்திகள் 2, 1 மட்டும்
பீட் 3: தந்தி 4, ஃபிரெட் 2 (க)
பீட் 4: தந்தி 4, திறந்த நிலை (ரி)

பார் 4, ஜி கார்டு:
பீட் 1: தந்தி 5, ஃபிரெட் 2 (கீழ் நி)
பீட் 2: ஸ்ட்ரம், தந்திகள் 3, 2, 1
பீட் 3: தந்தி 5, திறந்த நிலை (கீழ் த)
பீட் 4: தந்தி 5, ஃபிரெட் 2 (கீழ் நி)

பிறகு மீண்டும் பார் 1இன் முதல் பீட்டுக்குப் போய்விடுகிறது. நிறுத்தும்போது அந்த ச ஒலியில் நிறுத்த வேண்டும். கீழ் நியில் நிறுத்தினால் வாக்கியம் பாதியில் அறுந்ததுபோல் கேட்கும்.

பதினாறு பீட்டுகளில் பத்து மெட்டுக்கு, ஆறு ஸ்ட்ரம்முக்கு. ஸ்ட்ரம் எங்கும் தந்தி 4ஐத் தொடுவதில்லை என்பதையும், மெட்டு தந்தி 3இல் ஒலித்த உடனே வரும் ஸ்ட்ரம் அந்தத் தந்தியையும் விட்டுவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். மெட்டு ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தியின் மேல் ஸ்ட்ரம் விழுந்தால், அந்த ஸ்வரம் இரண்டாம் முறை அடிபட்டு, மெட்டின் தாளமே மாறிவிடும்.

2. தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

பிக்கின் தடிமன் 0.70 முதல் 0.80 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். இதைவிட மெல்லிய பிக் ஸ்ட்ரம்முக்கு இதமாக இருந்தாலும், ஒற்றைத் தந்தியை மீட்டும்போது வளைந்துகொடுத்து, ஸ்வரத்தைவிடப் பிளாஸ்டிக் சத்தத்தையே அதிகம் எழுப்பும். 1 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதோ மெட்டுக்கு நன்றாக இருந்தாலும், பழகாத கையில் ஸ்ட்ரம்மின்போது தந்திகளில் சிக்கும்.

தந்திகள் வழக்கமான ஸ்டீல் தந்திகளாக, 0.012 அங்குலத்தில் தொடங்கும் லைட் செட்டாகவோ 0.010இல் தொடங்கும் எக்ஸ்ட்ரா லைட் செட்டாகவோ இருக்கலாம். துருப்பிடித்த தந்தியில் இந்த ரிஃப்பைப் பழக வேண்டாம். தடித்த தந்திகள் மங்கிப்போனால் மெட்டு எழும்பாது, நீங்களோ கையில்தான் குறை என்று நினைத்துக்கொள்வீர்கள். கடற்காற்று அடிக்கும் ஊர்களில் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் ஒரு துணியால் தந்திகளைத் துடைத்து வைப்பது நல்லது.

ஒவ்வொரு முறையும் ட்யூனர் வைத்துச் சுருதி சேர்த்துவிட்டுத் தொடங்குங்கள். திறந்த தந்திகளும் அழுத்திய தந்திகளும் மாறி மாறி மெட்டில் வருவதால், ஒரு தந்தி சற்று இறங்கியிருந்தாலும் மெட்டில் அது அப்பட்டமாகத் தெரியும். வெறும் கார்டு வாசிக்கும்போது இப்படித் தெரியாது. மெட்ரோனோம் செயலி ஒன்றும், உங்களைப் பதிவு செய்து கேட்க ஒரு செல்பேசியும் இருந்தால் போதும்.

3. முதலில் பாடுதல், பிறகு மெட்டை மட்டும் வாசித்தல்

கிட்டாரைத் தொடாமல், மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 பீட்டில் வைத்து, மெட்டைப் பாடுங்கள். ச இரண்டு பீட், க இரண்டு, ம இரண்டு, த இரண்டு, ப இரண்டு, க ஒன்று, ரி ஒன்று, கீழ் நி இரண்டு, கீழ் த ஒன்று, கீழ் நி ஒன்று. குரல் நன்றாக இல்லை என்று கூச்சப்படுபவர்கள் முணுமுணுத்தாலும் போதும், ஆனால் இந்தப் படியைத் தாண்டிவிடக் கூடாது. இரண்டு பீட் நீளும் ஸ்வரம் எது, ஒரு பீட்டில் முடியும் ஸ்வரம் எது என்பது காதில் பதிந்த பிறகுதான், ஸ்ட்ரம் எந்த இடைவெளியில் உட்காருகிறது என்பது புரியும்.

அடுத்து அதே மெட்டை ஸ்ட்ரம் இல்லாமல், எல்லாமே கீழ் வீச்சாக வாசியுங்கள். இப்போதைக்குக் கார்டு பிடிக்க வேண்டாம். இந்த ரிஃப்பில் எந்த ஸ்வரமும் பீட்டுக்கு இடையில் விழுவதில்லை என்பதால் மேல் வீச்சுக்கு வேலையே இல்லை. நீளும் ஸ்வரம் இரண்டு பீட்டும் ஒலிக்கிறதா என்று கேளுங்கள். பாதியில் அறுந்தால், விரல் ஃபிரெட்டுக்கு மிகவும் பின்னால் இருக்கிறது அல்லது முன்கூட்டியே எழுந்துவிடுகிறது என்று பொருள்.

4. இடது கை: ஒரே வடிவம், மூன்று இடங்கள்

இந்த ரிஃப்பை சி கார்டைச் சுற்றி அமைத்ததற்குக் காரணம் இடது கைதான். மூன்று கார்டுகளையும் கீழே சொல்லியபடி பிடித்தால், மோதிர விரலும் நடுவிரலும் ஒரே இணையாகத் தந்தி மாறுகின்றன.

சி: மோதிர விரல் தந்தி 5 ஃபிரெட் 3, நடுவிரல் தந்தி 4 ஃபிரெட் 2, ஆள்காட்டி விரல் தந்தி 2 ஃபிரெட் 1.

எஃப்: மோதிர விரல் தந்தி 4 ஃபிரெட் 3, நடுவிரல் தந்தி 3 ஃபிரெட் 2, ஆள்காட்டி விரல் இருந்த இடத்திலேயே. தந்தி 1 திறந்தே இருக்கும். கறாராகச் சொன்னால் இது எஃப் மேஜர் 7 கார்டு. முழு எஃப் கார்டின் பாரேயை (ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் பிடியை) இங்கே வலிந்து பிடிக்க வேண்டியதில்லை. இந்த மெட்டுக்கு இதுவே நன்றாகப் பொருந்துகிறது.

ஜி: மோதிர விரல் தந்தி 6 ஃபிரெட் 3, நடுவிரல் தந்தி 5 ஃபிரெட் 2, ஆள்காட்டி விரல் தந்தி 1 ஃபிரெட் 1. இது ஜி 7 கார்டு. தந்தி 6 ரிஃப்பில் எங்கும் வருவதில்லை, ஆனாலும் மோதிர விரலை அங்கே வைத்திருப்பது நல்லது. பிக் தவறி அந்தத் தந்தியில் பட்டாலும் கார்டுக்குப் பொருந்தும் ஒலியே வரும். நடுவிரல் எழுந்து இறங்கும்போது கை நிலையாக நிற்கவும் அந்த விரல் உதவும்.

சியிலிருந்து எஃப், எஃப்பிலிருந்து சி, சியிலிருந்து ஜி, ஜியிலிருந்து சி என்று வலது கை இல்லாமலேயே இருபது முறை மாற்றிப் பாருங்கள். விரல்கள் தந்தியை விட்டு வெகுதூரம் எழக் கூடாது. இரு விரல்களும் ஜோடியாக நகர்வதைக் கை உணர்ந்துகொள்ள வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

5. எந்த விரல் முதலில் இறங்க வேண்டும்

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். கார்டு மாற்றும்போது எல்லா விரல்களும் ஒரே கணத்தில் இறங்க வேண்டும் என்றே நமக்குச் சொல்லித்தருகிறார்கள். வெறும் ஸ்ட்ரம்முக்கு அது சரி. இங்கே அந்தப் பழக்கம் ஒவ்வொரு பாரின் தொடக்கத்திலும் ஒரு தயக்கத்தை உண்டாக்குகிறது. மெட்டின் ஸ்வரத்தைத் தாங்கும் விரல் மட்டும் முதல் பீட்டில் இறங்கினால் போதும். மற்ற விரல்களுக்கு ஸ்ட்ரம் வரும்வரை அவகாசம் உண்டு. 60 வேகத்தில் அது முழுதாக ஒரு நொடி.

பார் 1இலிருந்து பார் 2க்குப் போகும்போது முதலில் இறங்க வேண்டியது மோதிர விரல், தந்தி 4 ஃபிரெட் 3இல். நடுவிரல் இரண்டாம் பீட்டுக்குள் வந்தால் போதும். மோதிர விரலைத் தந்தி 5இலிருந்து எடுக்கும்போது நேராக மேலே எடுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் திறந்த தந்தி தானாக ஒலித்து, மெட்டில் இல்லாத ஒரு ஸ்வரத்தைச் சேர்த்துவிடும்.

பார் 3இன் முதல் பீட் திறந்த தந்தி. நடுவிரலைத் தந்தி 3இலிருந்து எடுப்பது மட்டுமே வேலை. இரண்டாம் பீட்டின் ஸ்ட்ரம்முக்குத் தேவையான ஆள்காட்டி விரல் ஏற்கெனவே இடத்தில் இருக்கிறது. ஆகவே நடுவிரல் தந்தி 4க்கு வந்துசேர இரண்டு முழு பீட் கிடைக்கிறது. மோதிர விரலுக்கு இந்தப் பாரில் வேலையே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் பார் 3இன் கடைசி பீட். நடுவிரலை எழுப்பினால் ரி ஒலிக்கிறது. எழுந்த அதே விரல் திரும்பி வருவதில்லை. தந்தி 5 ஃபிரெட் 2க்குப் போய் பார் 4இன் முதல் ஸ்வரத்தைப் பிடிக்கிறது. மெட்டுக்காக விரலை எடுப்பதும் கார்டு மாற்றமும் இங்கே ஒரே அசைவு. ரியை வாசித்துவிட்டு, பிறகு கார்டு மாற்றப் போகிறேன் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் கட்டாயம் தாமதமாகும்.

பார் 4இலிருந்து பார் 1க்குத் திரும்புகையில் முதலில் வருவது மோதிர விரல், தந்தி 6இலிருந்து தந்தி 5க்கு. ஆள்காட்டி விரல் இரண்டாம் பீட்டுக்குள்ளும் நடுவிரல் மூன்றாம் பீட்டுக்குள்ளும் வந்தால் போதும்.

6. வலது கை: நிற்காத ஊசல்

வலது கை ஒவ்வொரு பீட்டிலும் கீழேயும், இரு பீட்டுகளுக்கு நடுவில் மேலேயும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். மேலே வரும்போது தந்திகளைத் தொடுவதில்லை. மெட்டுக்கு வீச்சு சிறியது, ஸ்ட்ரம்முக்குச் சற்றுப் பெரியது, அவ்வளவே வேறுபாடு. அசைவின் தன்மை ஒன்றுதான். இது மணிக்கட்டிலிருந்து வர வேண்டும், முழங்கையிலிருந்து அல்ல. மூன்று தந்திகளைத் தொடுவதற்கு முழங்கை வீச்சு அதிகம்.

மெட்டு வாசிக்கும்போது சுண்டுவிரலைக் கிட்டாரின் பலகையில் ஊன்றிக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. மெட்டை மட்டும் வாசிப்பதற்கு அது தவறில்லை. ஆனால் ஸ்ட்ரம் வரும்போது அந்த விரலை எடுக்க வேண்டும், அடுத்த மெட்டு ஸ்வரத்துக்கு மறுபடி ஊன்ற வேண்டும். இப்படிப் பீட்டுக்குப் பீட் கை ஏறி இறங்கினால் தாளம் குதிக்கும். ஊன்றாமல் பழகுங்கள். முதல் சில நாட்கள் பிக் தவறான தந்தியில் விழும், விழட்டும். முன்கை கிட்டாரின் விளிம்பில் ஒரே இடத்தில் தங்கினால், தந்திகளின் தூரத்தைக் கை தானாகவே கற்றுக்கொள்ளும்.

இப்போது காற்றில் ஸ்ட்ரம் செய்யும் பயிற்சி. மெட்டின் ஸ்வரங்களைத் தந்தியில் வாசியுங்கள். ஸ்ட்ரம் வரும் பீட்டுகளில் கை கீழே போக வேண்டும், ஆனால் தந்திகளுக்கு மேலே காற்றை வெட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். காதில் மெட்டு மட்டும் கேட்கும், கையில் முழு ரிஃப்பும் ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பயிற்சியைச் சலிப்பாக இருக்கிறதென்று விட்டுவிட்டவர்கள் இரண்டு வாரம் கழித்து இங்கேயே திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். நான்கு பாரும் தயக்கமின்றி ஓடும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

7. ஸ்ட்ரம்மைத் தந்தியில் இறக்குதல்

காற்றில் போய்க்கொண்டிருந்த கையைச் சற்றே தந்திகளின் பக்கம் சாய்த்தால் ஸ்ட்ரம் தானாகக் கிடைக்கும். முதலில் பார் 1ஐ மட்டும் சுற்றிச் சுற்றி வாசியுங்கள். பிறகு பார் 1, 2. அடுத்து பார் 2, 3. அதன்பின் பார் 3, 4. கடைசியில் பார் 4, 1. ஒவ்வொரு இணையிலும் உண்மையில் பழகுவது பார்களுக்கு நடுவிலுள்ள தாண்டலைத்தான். எப்போதும் முதலிலிருந்தே தொடங்கி வாசிப்பவர்களுக்குப் பார் 1 பளிச்சென்றும் பார் 4 அரைகுறையாகவும் இருப்பதற்குக் காரணம், பார் 1ஐ நான்கு மடங்கு அதிகமாக வாசித்திருப்பதுதான்.

மூன்று தந்திக்குப் பதில் இரண்டு தந்தியையோ நான்கையோ ஸ்ட்ரம் தொட்டுவிட்டால் கவலைப்பட்டு நிறுத்த வேண்டாம். பார் 2இன் நான்காம் பீட்டிலும் பார் 3இன் இரண்டாம் பீட்டிலும் மட்டும் கறாராக இருங்கள். அங்கே தந்தி 3இல் மெட்டு ஒலித்துக்கொண்டிருக்கிறது.

8. மெட்டை முன்னே நிறுத்தும் சத்த அளவு

நான்கு பாரும் ஓடத் தொடங்கிய பிறகும், கேட்பவருக்கு இது சற்றுத் தடுமாறும் ஸ்ட்ரம்மிங்காகவே தோன்றலாம். காரணம் இதுதான்: ஒரே நேரத்தில் பல ஒலிகள் கேட்கும்போது நம் காது பெரும்பாலும் சுருதியில் மேலே உள்ள ஒலியையே மெட்டாக எடுத்துக்கொள்ளும். இந்த ரிஃப்பில் மெட்டு கீழே இருக்கிறது, ஸ்ட்ரம் அதற்கு மேலே ஒலிக்கிறது. எனவே மெட்டு வெளிப்படையாக உரக்கவும், ஸ்ட்ரம் உங்களுக்கே போதவில்லை என்று தோன்றும் அளவுக்கு மென்மையாகவும் இருக்க வேண்டும்.

மெட்டுக்கு வலுச் சேர்க்க ஒரு வழி உண்டு. தந்தியை மீட்டியதும் பிக்கைக் காற்றில் விடாமல், அடுத்த தந்தியின் மேல் போய் ஒரு கணம் சாயும்படி அழுத்தி மீட்டுங்கள். ஒலி பருமனாக வரும், கூடுதல் தந்திகளும் அடிபடாது. ஸ்ட்ரம்முக்குப் பிக்கின் நுனியை மட்டும், சற்றுச் சாய்த்து, உரசவிடுங்கள். பிக்கை இறுக்கிப் பிடித்தால் இந்த வேறுபாடு வரவே வராது. மெட்டுக்குப் பிடி சற்று இறுகி, ஸ்ட்ரம்முக்குத் தளர வேண்டும்.

செல்பேசியை இரண்டு மீட்டர் தள்ளி வைத்துப் பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது நம் காது கிட்டாரின் மேல் பக்கத்தில் இருப்பதால் எதிரே இருப்பவர் கேட்பது நமக்குக் கேட்பதில்லை. இந்த ரிஃப்பைத் தெரியாத ஒருவரிடம் பதிவைக் கொடுத்து, அதிலுள்ள மெட்டை முணுமுணுக்கச் சொல்லலாம். அவர் ச க ம த என்று பிடித்துவிட்டால் சத்த அளவு சரி.

9. வேகம் கூட்டுதல்

50இல் தொடங்குங்கள். நான்கு முறை தொடர்ந்து பிழையின்றி வந்தால் நான்கு பீட் கூட்டுங்கள், வராவிட்டால் அதே வேகத்தில் நில்லுங்கள். 96க்கு அருகில் ரிஃப் நடைபோடத் தொடங்கும். 70, 80 வாக்கில் பெரும்பாலோருக்கு ஒரு தடை வருகிறது. அப்போது பார்க்க வேண்டியது ஐந்தாம் படி: குறைந்த வேகத்தில் எல்லா விரல்களும் ஒன்றாக இறங்கினாலும் சமாளித்துவிடலாம் என்பதால், பழைய பழக்கம் அதுவரை ஒளிந்துகொண்டிருக்கும்.

10. அலங்காரங்கள்

ஹேமர் ஆன்: பார் 1இன் மூன்றாம் பீட்டில், நடுவிரலை எடுத்துவிட்டுத் தந்தி 4ஐத் திறந்த நிலையில் மீட்டி, அரை பீட் கழித்து அதே விரலை ஃபிரெட் 2இல் சுத்தியல்போல் இறக்குங்கள். ரியிலிருந்து க எழும். பார் 4இன் கடைசி நியையும் மீட்டாமல் இப்படியே விரலை இறக்கி எழுப்பலாம். வலது கை அப்போதும் நிற்கக் கூடாது. அந்த பீட்டில் காற்றில் போய்வர வேண்டும்.

மேல் வீச்சு: ஸ்ட்ரம்முக்கு அடுத்த அரை பீட்டில், ஊசலின் மேல் அசைவில், தந்தி 1ஐயும் 2ஐயும் லேசாகத் தொட்டு வரலாம். ஆறு ஸ்ட்ரம்களுக்கும் இதைச் சேர்க்க வேண்டாம். பார் 1, 2இன் நான்காம் பீட்டுகளுக்குப் பின் மட்டும் சேர்த்தால் அடுத்த பாருக்குள் தள்ளிக்கொண்டு போகும் உணர்வு கிடைக்கும்.

11. வேறு சுருதியிலும் வேறு மெட்டிலும்

பாடுபவரின் குரலுக்கு சி சுருதி தாழ்வாக இருந்தால், இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டு இதே விரல்களில் வாசித்தால் டி சுருதி கிடைக்கும். ஜி கார்டைச் சுற்றி மறுபடி விரல் அமைக்க முயல்வதைவிட இது எளிது, ஏனெனில் மேலே சொன்ன ஜோடி நகர்வு சி வடிவத்தில்தான் இவ்வளவு வசதியாக அமைகிறது.

சொந்த மெட்டை இப்படி அமைக்க விரும்பினால், முதலில் அது தந்தி 3க்கும் 5க்கும் நடுவில், கீழ் த ஸ்வரத்திலிருந்து மேலே உள்ள த ஸ்வரத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். அதற்கு மேலே போகும் மெட்டில் ஸ்ட்ரம்முக்கு இடமிருக்காது. அடங்கினால், இரண்டு பீட்டோ அதற்கு மேலோ நீளும் ஸ்வரங்களை மட்டும் குறித்துக்கொண்டு, அவற்றின் இரண்டாம் பீட்டில் ஸ்ட்ரம்மை வையுங்கள். ஒரு பீட் ஸ்வரங்கள் தொடர்ந்து வரும் இடத்தில் ஸ்ட்ரம்மே வேண்டாம்.